நடுத்துண்டு

"பம்பாய் அத்தை வந்து சொன்னாத்தாம்மா எல்லாரும் நம்புவாங்க" என்று ஒற்றைக்காலில் நின்றாள் என் மகள் சௌந்தர்யா.

வேண்டவே வேண்டாம் என்றேன்.

டி.வி.யில் பீட்சாவைப் பார்த்துவிட்டு, "என் பொறந்த நாளைக்கு எங்கம்மா பீட்சா செஞ்சு தரும்" என்று நாலாங்கிளாஸ் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். விருத்தாசலத்தில் பீட்சாவுக்கு எங்கே போவது? "புளுகி"ன்னு பேர் வைத்துவிட்டார்கள். ஸ்கூலுக்கே போகமாட்டேன் என்று ஒரே அழுகை.

எங்கள் தெருவில் பீட்சா தின்றவர் ஒருத்தர்தான். அடுத்த வீட்டு மாரியம்மா அக்கா. பிள்ளைகளுக்கு அவர்தான் பம்பாய் அத்தை. பல வருஷம் பம்பாயில் இருந்துவிட்டு, போன வருஷம்தான் திரும்பி வந்தவர். வாயைத் திறந்தால் பம்பாய்தான்.

"நான் இருந்த பில்டிங்குல லிப்டு உண்டு. சன்னலத் தொறந்தா கடலு."

குழாயடியில் அவரைக் கண்டால் பாதிப் பேர் அரைக்குடத்தோடு நழுவிவிடுவார்கள். நான் கொடுத்த முறுக்கையே, "பம்பாயில இவ்வளவு தடியா சுடமாட்டாங்க" என்றவர். அவர் வந்து ஒரு வார்த்தை குறை சொன்னால் போதும். என் பொண்ணு கதை முடிந்தது.

ஆனாலும் சௌந்தர்யா போய்க் கூப்பிட்டுவிட்டு வந்துவிட்டாள்.

சரி, ஆனது ஆகட்டும் என்று வேலையில் இறங்கினேன். கடைத்தெருவில் சீஸ் கேட்டேன். வெண்ணெயை எடுத்துக் காட்டினார் கடைக்காரர். பாலைத் திரியவைத்து, வடிகட்டி, அம்மிக்கல்லை மேலே ஏற்றி வைத்தேன். அதுதான் சீஸ். தக்காளித் தொக்கு கிண்டினேன். மேலே தூவ என்னிடம் என்ன இருக்கிறது? அம்மா வீட்டிலிருந்து வந்த முந்திரிப் பருப்பும் வேகவைத்த பலாக்கொட்டையும்தான்.

மைதா மாவைத் தட்டித்தர என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். செராமிக் கம்பெனியில் சாசர் போடுகிறவர். தட்டி முடித்ததும் பார்த்தால், சுற்றிலும் விளிம்பு தூக்கிக்கொண்டு நிற்கிறது.

"என்னாங்க இது? பீட்சா கேட்டா சாசர் செஞ்சு வச்சிருக்கீங்க?"

"கை தானா தூக்கிடுச்சு கயலு. நல்லதுதான், தொக்கு வழியாது."

தோசைக்கல்லில் போட்டு, மேலே மண்சட்டியைக் கவிழ்த்துச் சுட்டேன். அடி கொஞ்சம் கருகியது. எப்படி நறுக்குவது என்று யாருக்குத் தெரியும்? மைசூர்பாகு மாதிரி கட்டம் கட்டமாக வெட்டி வைத்தேன்.

சாயங்காலம் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். மாரியம்மா அக்கா பட்டுச்சேலையில் வந்தார். முந்திரி அதிகமாக இருந்த நடுத்துண்டைத் தட்டில் வைத்து நீட்டினாள் சௌந்தர்யா.

"அத்தை, இது உங்களுக்கு."

அக்கா தட்டையே பார்த்தார். துண்டைத் திருப்பிப் பார்த்தார்.

"என்னாடி இது? இதுல ஓரமே இல்ல?"

கிளாஸ் லீடர் தமிழ்மணி சிரித்தாள். "அப்ப இது பீட்சா இல்லியா அத்தை?"

என் பொண்ணுக்கு உதடு துடிக்க ஆரம்பித்துவிட்டது. இந்த அம்மாவை யார் கூப்பிடச் சொன்னது என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

"சும்மா இருங்க புள்ளைங்களா. கயலு, ஓரத்துண்டு ஒண்ணு குடு. தின்னு பாத்துதான் சொல்லுவேன்."

கொடுத்தேன். ஒடித்தார், முகர்ந்தார், கண்ணை மூடிக்கொண்டு கடித்தார்.

"அடி லேசா கருகியிருக்கணும். கருகியிருக்குது. ஓரம் மேடா இருக்கணும். வெளிய மொறுமொறுன்னு, உள்ள பன்னு மாதிரி. இருக்குது. சிலது அப்பளமாட்டம் மெலிசா வரும், அது எனக்குப் புடிக்காது. இந்த மேட்டு ஓரந்தான் எனக்கு உசுரு."

"அத்தை, பீட்சாதானா?" என்றாள் தமிழ்மணி.

"பின்ன? பம்பாயில நான் தின்ன அதே பீட்சாதான்."

"பலாக்கொட்டை எல்லாமா போடுவாங்க?"

அக்கா ஒரு நொடி யோசித்தார். "அவங்கவங்க ஊருல வெளையறதப் போடுவாங்க. பேசாம தின்னு."

அப்புறம் பிள்ளைகள் தட்டில் ஒரு துணுக்குகூட மிஞ்சவில்லை. தமிழ்மணி கைகழுவப் போகும்போது, "உங்கம்மா சூப்பருடி" என்று சௌந்தர்யாவின் தோளில் கை போட்டுக்கொண்டு போனாள். என் பொண்ணு முகத்தைப் பார்க்கணுமே.

பிள்ளைகள் எல்லாம் போனபிறகு பின்கட்டுக்கு வந்தேன். துணி துவைக்கிற கல்லில் மாரியம்மா அக்கா உட்கார்ந்திருந்தார். மடியில் தட்டு. அந்த நடுத்துண்டு அப்படியே இருந்தது.

"அக்கா, என் பொண்ணு மானத்தக் காப்பாத்துனீங்க. உங்களுக்குக் கோயில்தான் கட்டணும்."

"அட போடி."

"அந்தத் துண்டத் தின்னலியா? புடிக்கலன்னா விட்டுடுங்க. பம்பாயில நடுவுல வேற என்னமாவது வைப்பாங்களா இருக்கும்."

அவர் அவசரமாகத் தட்டை என் கைக்கு எட்டாமல் நகர்த்திக்கொண்டார். துண்டிலிருந்து ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டு, மெதுவாக மென்றார்.

"நடுவுல என்னா வைப்பாங்கன்னு எனக்குத் தெரியாது கயலு. நான் அங்க பத்துப்பாத்திரந்தான் தேய்ச்சேன். அந்த வூட்டுப் புள்ளைங்க நடுவெல்லாம் தின்னுட்டு, ஓரத்தத்தான் தட்டுல வச்சுட்டுப் போவும்."

இன்னொரு விள்ளலை எடுத்தவர், அதிலிருந்த முந்திரியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எனக்குன்னு ஒரு நடுத்துண்ட எடுத்து வச்சது உன் மவதான்."