ஏற்கெனவே பார்த்த படம்

எங்கள் அலுவலகத்திலும் கிளையிலும் ஒரே மாதிரி ஒரு பெட்டி இருக்கிறது. இங்கிருந்து எதை அனுப்பினாலும், இங்குள்ள பெட்டி, "இதைப் பார்த்திருக்கிறாயா?" என்று முதலில் கிளைப் பெட்டியைக் கேட்கும். இல்லையென்றால் முழுசாக அனுப்பும். ஆமென்றால் ஒரு சின்னக் குறி போதும். மிச்சத்தைக் கிளைப் பெட்டி தன் ஞாபகத்திலிருந்து எடுத்துக்கொள்ளும்.

கிளையில் பெட்டியை மாட்டியவன் என் தம்பி. போன மாதம் இறந்துவிட்டான்.

இன்று காலை அவனுக்கு மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரியில் நான் எடுத்த ஒரே படத்தை, அலுவலகத்துக்கு வந்ததும், கிளையில் அவனோடு வேலை பார்த்தவர்களுக்கு அனுப்பினேன். பெரிய படம், மெதுவான லைன். டீ குடித்துவிட்டு வரலாமென்று எழுந்தேன். கிளையிலிருந்து போன் வந்தது.

"படம் வந்துருச்சு சார். அப்படியே அவர் மூக்கு."

"அதுக்குள்ளயா?"

திரையைப் பார்த்தேன். குறி மட்டும்தான் போயிருந்தது. தம்பி மாட்டிய பெட்டி ஆமென்று சொல்லியிருந்தது.

பெற்றவளுக்கு இன்னும் மயக்கம் தெளியவில்லை. அவளே குழந்தையைப் பார்க்கவில்லை.