ஒயரைத் தொடாதீங்க

"ஃபியூஸ் மட்டும் மாத்துங்க. பின்னாடி இருக்கிற ஒயரைத் தொடாதீங்க."

பெரியவர் இதோடு மூன்றாவது முறை சொல்லிவிட்டார். எல்லாம் தெரிந்தவர் நம்மை எதற்குக் கூப்பிட வேண்டும் என்று மெக்கானிக்குக்குக் கடுப்பாக இருந்தது.

ஆம்ப்ளிஃபயரைத் திருப்பியதும் சிரிப்பு வந்துவிட்டது. கறுப்பு முனை இரண்டும் காலி. ஸ்பீக்கர் ஒயரெல்லாம் சிவப்பு முனைகளிலேயே மாட்டியிருந்தது.

"யாரு சார் இப்படி மாட்டினது? ரெண்டு பக்கமும் ஒண்ணா வர்ற சத்தத்தை இது அடிச்சுத் தின்னுடும். பாடறவங்க குரலே கேக்காது, வெறும் மியூசிக்தான் வரும்."

"நான்தான் மாட்டினேன். எங்களுக்கு மியூசிக் போதும். அது ஓடினாத்தான் இவ ஒரு வாய் சாப்பிடுவா" என்றபடி அடுக்களைக்குப் போனார்.

நாற்காலியில் இருந்த அவர் மனைவி மெக்கானிக்கைப் பார்த்துச் சிரித்தார். "வெளியில மழையா தம்பி?"

"இல்லம்மா, நல்ல வெயில்."

ஃபியூஸை மாற்றி நிமிர்ந்தபோது, "வெளியில மழையா தம்பி?" என்றார் மறுபடியும்.

பாவம், காது மந்தம் போலிருக்கிறது. அப்படிப்பட்டவருக்கு இந்த அரைகுறைச் சத்தத்தைக் கொடுக்க அந்த மனுஷனுக்கு எப்படித்தான் மனசு வந்ததோ!

தொழில் தெரிந்த கை சும்மா இருக்குமா? சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு என்று இரண்டே நிமிடத்தில் மாற்றி மாட்டி, பிளேயருக்குள் கிடந்த சிடியைத் தட்டிவிட்டார்.

வயலின் ஓய்ந்ததும், ஓர் இளம்பெண்ணின் குரல் கூடம் நிறையக் கிளம்பியது. பக்கத்தில் நின்று பாடுகிற மாதிரி அவ்வளவு துல்லியம். மெக்கானிக்குக்கே உடம்பு சிலிர்த்தது.

அந்த அம்மாள் விருட்டென்று எழுந்தார். முகமெல்லாம் பூரிப்பு.

"ஏங்க, பாப்பா வந்துட்டா! எங்கடி இருக்கே?" என்று அறை அறையாகத் தேடத் தொடங்கினார்.

கையில் தட்டோடு ஓடிவந்த பெரியவர் சுவிட்சை அணைத்தார்.

"ஏன் சார்? குரல் எவ்ளோ சுத்தமா வருது!"

"தெரிஞ்சேதான்யா அதை வராம பண்ணி வெச்சிருந்தேன்." பெரியவர் சுவரில் சாய்ந்துகொண்டார். உள்ளே இன்னும் தேடிக்கொண்டிருந்தார் மனைவி.

"நீங்க கிளம்புங்க. பொண்ணு செத்துப்போனதை இவகிட்ட மறுபடியும் முதல்லேருந்து சொல்லணும்."