பழுதுக்கு வார விடுமுறை

"மூணாவது தடவை தம்பி! இதுக்கு மேல என்னதான் பண்றதா உத்தேசம்?"

கதவைத் திறந்ததும் திறக்காததுமாகப் பெரியவர் பிடித்துக்கொண்டார். மெக்கானிக் தோளிலிருந்து பையைக்கூட இறக்கவில்லை.

"என்ன ஆச்சு சார்?"

"என்ன ஆகும்? கம்ப்யூட்டர் நல்லா ஓடிக்கிட்டே இருக்கு, பொசுக்குனு செத்துப்போகுது. இன்னிக்குக் காலையில மட்டும் ரெண்டு தடவை. வேலை தெரிஞ்ச ஆளா அனுப்பச் சொன்னா, உங்க முதலாளி திரும்பத் திரும்ப உங்களையே அனுப்பறார்!"

மெக்கானிக்குக்குக் காது சுட்டது. பதினோரு வருஷமாக இதே வேலை. முதல் முறை மெமரியைக் கழற்றித் துடைத்து மாட்டினான். போன வாரம் ஃபேனைப் பிரித்துச் சுத்தம் செய்தான். இரண்டு முறையும் அவன் இருந்தவரை சமர்த்தாக ஓடிய கம்ப்யூட்டர், அவன் தெருமுனை தாண்டியதும் பழைய குருடி கதவைத் திறடிதான்.

கடையில் ஒரு சட்டம் உண்டு. ஒரே வீட்டில் ஒரே பழுதுக்கு மூன்று முறை போய்த் தோற்றவனுக்கு அப்புறம் வெளிவேலை கிடையாது. கடையிலேயே உட்கார்ந்து மவுஸும் கீபோர்டும் விற்க வேண்டியதுதான். நாலு வீடு ஏறி இறங்காமல் அவனுக்கு ஒருநாள் ஓடாது.

"நீங்களாச்சு, இந்தப் பெட்டியாச்சு. நான் உங்க முதலாளிகிட்ட ரெண்டு வார்த்தை பேசிட்டு வரேன்."

பெரியவர் போனை எடுத்துக்கொண்டு மாடியேறினார்.

மெக்கானிக் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தான். தூசி இல்லை, சூடு இல்லை. போட்டதும் திரையில் பாதி நிரம்பிய குறுக்கெழுத்துக் கட்டம் வந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு பெரியவர் பத்திரிகைகளுக்குப் புதிர் தயாரிக்கிறார்.

எப்போதெல்லாம் நின்றுபோனது என்று கம்ப்யூட்டரே ஒரு பட்டியல் வைத்திருக்கும். அதைத் திறந்தான். தினமும் காலையில் இரண்டு தடவை, மாலையில் ஒரு தடவை. புதன்கிழமைகளில் மட்டும் ஒன்றுமே இல்லை.

பழுதுக்கு வார விடுமுறை உண்டா என்ன?

வயரைப் பிடித்துக்கொண்டே போனான். அது கதவோரமாக அடுத்த அறைக்குள் நுழைந்து, அலமாரிக்குப் பக்கத்துச் சுவிட்சில் போய் முடிந்தது. அங்கே பெரியவரின் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, புதன்கிழமையில நீங்க எங்கயாவது போவீங்களா?"

அவர் கை நின்றது.

"அக்கா வீட்டுக்கு" என்றவர், மாடிப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "கண்டுபிடிச்சுட்டீங்களா?"

"ஏம்மா இப்படி?"

"அவருக்குக் கண்ணுல ஆபரேஷன் ஆகி ரெண்டு மாசந்தான் ஆகுது. ஒரேயடியா திரையைப் பார்க்கக் கூடாது, நடுவுல எழுந்து நடக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்கார். இவர் உட்கார்ந்தா ஆணி அடிச்ச மாதிரி. எழுந்திருங்கன்னா, 'நீ என்ன எனக்கு ஹெட்மாஸ்டரா?'ங்கறார். முதல் வாரம் பூரா சண்டை. அப்புறந்தான்..." சுவிட்சைப் பார்த்தார்.

"நிறுத்தினா?"

"கொஞ்ச நேரம் கத்துவார். தோட்டத்துல நாலு சுத்து நடப்பார். அதுக்குள்ள நான் மறுபடி போட்டுடுவேன்."

"அவர் பண்ணின வேலை போயிடுமே?"

"அதென்னமோ, இதுவரைக்கும் ஒரு எழுத்துகூடப் போனதில்லை. நல்ல நேரம்." குரலைத் தாழ்த்தினார். "சொல்லிடாதீங்க தம்பி. தெரிஞ்சா வயரைத் தன் பக்கமா மாத்திக்குவார்."

மெக்கானிக் தலையைச் சொறிந்தான். சொன்னால் அவன் பிழைப்பான். சொல்லாவிட்டால் கடையில் மவுஸ் விற்க வேண்டும்.

பெரியவர் இறங்கி வந்தார்.

"என்ன, கிடைச்சுதா?"

அந்த அம்மாள் மடித்த துண்டையே பிரித்து மறுபடி மடித்தார்.

"இல்ல சார். என்னால கண்டுபிடிக்க முடியலை."

"பதினோரு வருஷ அனுபவம்னு சொன்னாங்க!"

"பதினொண்ணு பத்தலை போலிருக்கு சார்."

கருவிகளைப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினான். பெரியவர் தெருக்கதவுவரை கூடவே வந்தார். பாக்கித் திட்டு வாசலில் இருக்கும் என்று நினைத்தான். அவரோ வெளியே வந்து கதவைச் சாத்தினார்.

"சுவிட்சைப் பார்த்துட்டீங்கதானே?"

மெக்கானிக் விழித்தான். "சார்... உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? அவ அலமாரிப் பக்கம் வர்ற சத்தம் கேட்டாலே சேவ் பண்ணி வெச்சுடுவேன். புதன்கிழமைதான் கஷ்டம். நானா எழுந்திருக்கிற ஜாதி இல்லை. கண்ணு எரியும்."

"அப்போ முதலாளிகிட்ட..."

"பழுது தீர்ந்துபோச்சு, கெட்டிக்காரர், இனிமே எப்பக் கூப்பிட்டாலும் இவரையே அனுப்புங்கன்னு சொல்லிட்டேன்."

மெக்கானிக்குக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் கோபமும் வந்தது.

"பின்னே எதுக்கு சார் மூணு தடவை என்னை வரவழைச்சு இத்தனை கூச்சல்?"

பெரியவர் சாத்திய கதவை ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"நான் கத்தலைன்னா எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு கண்டுபிடிச்சுடுவா தம்பி. அப்புறம் வெட்கப்பட்டுக்கிட்டு அந்தச் சுவிட்சைத் தொடவே மாட்டா."