ஆணியில் தொங்கிய சட்டை

“மன்னிக்க மாட்டேன்.”

ரம்பம் ஓடவில்லை. அதனால் மர மில்லில் இருந்த எல்லார் காதிலும் விழுந்தது.

சொன்னவர் மேஸ்திரி. இடது கையில் கட்டு. கட்டுக்குள்ளே பெருவிரல் மட்டும்தான் மிச்சம்.

எதிரே அவர் மச்சான், மனைவியின் தம்பி. மேஸ்திரி ரம்பத்தில் சிக்கிய சிராயை எடுத்துக்கொண்டிருந்தபோது சுவிட்சைப் போட்டவன். தரையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“ஒரு வார்த்தைதானேய்யா கேட்கிறேன்,” என்றார் முதலாளி. ஞாயிறு தவறாமல் சர்ச்சில் முன்வரிசையில் உட்காருகிறவர். “மன்னிச்சேன்னு சொல்லு, இவனை வச்சுக்கிறேன். இல்லேன்னா இப்பவே வெளியே அனுப்பிடுவேன்.”

“சொல்ல மாட்டேன்.”

“இவனை எல்லாம் மன்னிக்கிறதா? நானா இருந்தா கழுத்தைப் பிடிச்சிருப்பேன்,” என்று முணுமுணுத்தான் ஒரு லோடுமேன்.

ஓரமாக நின்று அழுதுகொண்டிருந்த மேஸ்திரியின் மனைவிக்குப் பொறுக்கவில்லை. “கூடப் பிறந்தவங்கிறதுக்காகக் கேக்கலைங்க. அவனுக்கு ரெண்டு பொம்பளைப் புள்ளைங்க. தினமும் முழங்கால் போட்டு ‘எங்களை மன்னியும்’னு ஜெபம் பண்றீங்களே, அது என்ன வாய்க்கு மட்டுமா?”

“அந்த ஜெபத்தைப் பத்திப் பேசாதே!”

முகம் கறுத்துவிட்டது அவருக்கு.

மில்லில் ஒரே சட்டம். ரம்பத்தில் கை வைக்கிறவன் முதலில் ஃபியூஸைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். போடாதவனுக்கு அன்றோடு வேலை இல்லை.

முதலாளி விடவில்லை. “நீ சட்டப்படி பிடுங்கிப் பையில போட்டே. சட்டையைக் கழற்றி ஆணியில மாட்டினே. இவன் நீ வேலையை முடிச்சிட்டேன்னு நினைச்சு, அதிலிருந்து ஃபியூஸை எடுத்துச் சொருகிட்டான். நீ ஆஸ்பத்திரியில மயங்கிக் கிடக்கும்போதே இவனா வந்து ஒத்துக்கிட்டான். சிலுவையில தொங்கினவரே மன்னிச்சாருய்யா. நீ என்ன அவரைவிடப் பெரிய ஆளா?”

மச்சான் முதல்முறையாக வாயைத் திறந்தான். “விடுங்க முதலாளி. மாமாவைத் தொந்தரவு பண்ணாதீங்க. நான் போயிடறேன்.”

சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தான்.

“நில்லுடா!” என்றார் மேஸ்திரி.

நின்றான்.

“மாமா, வேண்டாம்.” மச்சான் கெஞ்சினான். “நாம வீட்டுல பேசிக்கலாம்.”

மேஸ்திரி அவனைப் பார்க்கவில்லை. மனைவி பக்கம் திரும்பினார்.

“அன்னிக்கு என் சட்டையை யாரு அலசினது?”

“நான்தான். எத்தனை சோப்பு போட்டும் ரத்தக்கறை போகலை. எதுக்குங்க இப்ப அது?”

“ஆணியில தொங்கின சட்டையில ரத்தம் எப்படி வரும்?”

மனைவியின் அழுகை நின்றது. லோடுமேன் பீடியைக் கீழே போட்டான்.

“எல்லாரும் என் கையைத்தான் பார்த்தீங்க. சட்டையை ஒருத்தரும் பார்க்கலை. நான் அதைக் கழற்றவே இல்லை. ஃபியூஸைப் பிடுங்கவும் இல்லை. அவசரம். அப்படியே கையை விட்டேன்.”

முதலாளி ஃபியூஸ் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“ஃபியூஸ் இருந்த இடத்துல இருந்தா, ரம்பத்துல ஆள் இல்லேன்னு அர்த்தம். அதைப் பார்த்துத்தான் இவன் சுவிட்சைப் போட்டான். இத்தனை நாளா இவன் திட்டு வாங்கறதைப் பார்த்துக்கிட்டு நான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். இதுல இவனை மன்னிச்சேன்னு வேற சொல்லணுமா? எந்த வாயால சொல்றது?”

முதலாளி மச்சானிடம் போனார். “ஏன்டா பொய் சொன்னே?”

அவன் இன்னும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

“கை போயிடுச்சு முதலாளி. வேலையும் போகணுமா?”