முயலின் நாக்கு

வவுனியாப் பாடசாலை ஒன்றின் ஆய்வுகூட யன்னலால் மார்கழி வெயில் மேசையில் விழுகிறது. விலங்கியல் ஆசிரியை விமலேஸ்வரி நுணுக்குக்காட்டியைச் சரிசெய்து கொடுக்க, அவளைக் கூட்டிப்போக வந்த கணவர் தவராசா கழுத்துச் சால்வையை ஒதுக்கிவிட்டு ஒற்றைக் கண்ணால் குனிந்து பார்க்கிறார். தொண்டைப் புற்றுக்குக் கொழும்பில் கதிர்ச் சிகிச்சை செய்த நாளிலிருந்து அவருக்கு எதிலும் ருசி தெரிவதில்லை. மீன் குழம்பும் வெறுஞ்சோறும் ஒன்றுதான்.

"முயலின்ர நாக்கு" என்கிறாள். "ஓரத்திலை உள்ளிப்பூண்டு மாதிரி வரிசையாத் தெரியுதெல்லே, அதுதான் சுவையரும்பு."

"ஓம். உள்ளுக்குப் பல்லுப் பல்லா நிக்குது. சிலது வெளிறி, சிலது கறுத்து."

"எல்லாம் நுனியிலை ஒரு சின்னத் துவாரத்திலை கூடுது. ருசி அதாலைதான் உள்ளுக்கு வரும். அடியிலை உருண்டையாச் சின்னதுகள் கிடக்குது, பாருங்கோ. பழைய உயிர்க்கலங்கள் சாகச்சாக அதுகள்தான் வளர்ந்து அந்த இடத்துக்கு வரும். பத்து நாளிலை புதுசு."

அவர் நிமிர்கிறார். கதிர் பட்டுக் கறுத்த கழுத்தில் வெயில் விழுகிறது.

"என்ர நாக்கிலையும் அந்தச் சின்னதுகள் மிச்சம் இருக்குமோ?"

"இருக்கும்."

"அப்ப பொங்கலுக்கு ருசி வந்திடும். இந்தமுறை சர்க்கரையைக் கொஞ்சம் கூடப் போடும், என்ன?"

நோய் நுரையீரலுக்குப் பரவிவிட்டது, இனி வாரக்கணக்குத்தான் என்று டாக்டர் போன வாரம் அவளிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

"போடுறன்" என்கிறாள். குரல் உடையாமல் வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

அவர் மறுபடி குனிந்து, அடியில் கிடக்கும் கலங்களை ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்குகிறார். அவர் எண்ணி முடிக்கும்வரை அவள் பக்கத்தில் நிற்கிறாள்.