தள்ளிவைத்த தேர்தல்

காலையிலேயே சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, சக்கர நாற்காலியில் தயாராக உட்கார்ந்திருந்தார் அப்பா.

"ஓட்டுப் போடக் கிளம்பலாமாடா?"

மெக்கானிக் மகனுக்குப் பகீரென்றது. லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடியிலிருந்து அவரைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். அத்தி பூத்தாற்போலக் கிடைத்த ஒரு நாள் லீவு அதிலேயே போய்விடும்.

"தேர்தலை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவெச்சுட்டாங்கப்பா" என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டான்.

தூக்கம் வந்தால்தானே! அப்பா ஜன்னலோரம் நகர்ந்து, தெருவில் ஓட்டுப் போட்டுவிட்டுத் திரும்புகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

வாக்குப்பதிவு முடிந்துவிட்டதாக டிவியில் சொன்னதும், மனசு தாங்காமல் அவர் காலடியில் வந்து உட்கார்ந்தான்.

"பொய் சொல்லிட்டேம்ப்பா. தேர்தல் இன்னிக்குத்தான். என்னால உங்க ஓட்டு வீணாப் போச்சு."

"என் ஓட்டு வீணாகலடா. நடக்க முடியாதவங்கன்னு போன வாரமே ஆபீசருங்க வீட்டுக்கு வந்து வாங்கிட்டுப் போயிட்டாங்க. நீ வேலைக்குப் போயிருந்தே."

"அப்புறம் எதுக்குப்பா கிளம்பினீங்க?"

"நீ ஒரு தடவைகூட ஓட்டுப் போட்டதில்லையே. என்னைத் தூக்கிட்டு வர்ற சாக்குலயாவது போடுவேன்னு நெனச்சேன்."