ஆறு மாத மாத்திரை

சளிப் பரிசோதனை அறிக்கையை டாக்டரம்மா இரண்டாம் முறையாகப் படித்தார்.

எதிரே தங்கை. அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி மாப்பிள்ளை. கதவோரம் அண்ணன், தையல்கடையிலிருந்து அப்படியே ஓடி வந்தவன், கழுத்தில் அளவு நாடா தொங்கியது.

"டிபிதான். ஆனா வழக்கமான மருந்துல ரெண்டு இந்தக் கிருமிகிட்ட எடுபடாது."

மாப்பிள்ளை விழித்தான். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். மாத்திரை போட்டதும் எல்லாக் கிருமியும் ஒரே நாளில் சாவதில்லை. நோஞ்சான்கள் முதலில் சாகும். இருமல் நிற்கும், பசி எடுக்கும், ஆள் தேறிவிட்டதாகத் தோன்றும். முரட்டுக் கிருமிகள் மட்டும் உள்ளே பதுங்கியிருக்கும். அதற்காகத்தான் ஆறு மாதம். பாதியில் விட்டால் மிஞ்சியது பெருகிவிடும். பிறகு அதே மாத்திரையை மிட்டாய் மாதிரி விழுங்கினாலும் அசையாது.

"இதுக்கு முன்னாடி எப்பவாவது டிபி மாத்திரை சாப்பிட்டிருக்கியாம்மா?"

"இல்ல டாக்டர். அண்ணன்தான் சாப்பிட்டாரு, மூணு வருஷம் முன்னாடி. ஆறு மாசமும், ஒரு நாள் விடாம."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

டாக்டரம்மா எழுதத் தொடங்கினார். பேனா பாதி வரிக்கு வந்தபோது அண்ணனின் வாய் தானாகத் திறந்தது.

"கடைசி ரெண்டு மாசம் நான் சாப்பிடல. இவளுக்குக் கொடுத்தேன்."

அப்போது அவளுக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அவளும் இருமத் தொடங்கியிருந்தாள். இங்கே அழைத்து வந்தால் நாலு பேருக்குத் தெரிந்துவிடும் என்று பயந்தான். தினமும் காலையில் தன் மாத்திரையை அவள் கையில் வைத்து, தண்ணீரும் அவனே ஊற்றிக் கொடுத்தான். இரண்டே மாதத்தில் இருமல் போன இடம் தெரியவில்லை. கல்யாணத்தன்று தன் கெட்டிக்காரத்தனத்தைத் தானே மெச்சிக்கொண்டான்.

மாப்பிள்ளையின் கை நாற்காலியிலிருந்து இறங்கியது.

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அண்ணனுக்கு.

"அன்னைக்கே கூட்டிட்டு வந்திருந்தா ஆறு மாசத்துல முடிஞ்சிருக்கும்" என்று மட்டும் சொன்னார். எழுதியதை அடித்துவிட்டு வேறொரு படிவத்தை எடுத்தார். ஆண்கள் இருவரையும் பார்த்தார்.

"உங்க ரெண்டு பேரையும் சோதிக்கணும். வீட்ல குழந்தை இருக்கா?"



"எட்டு மாசம்" என்றாள் தங்கை. "என் நெஞ்சு மேலதான் தூங்குவா."